பாஸ் கலாய்ப்பியல்: கிள்ளான் பள்ளத்தாக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

தமிழ் ஆய்வுலகம் தொடாத பொருள் இல்லை என்பார்கள். சங்கப் பாடல்களில் வரும் மரங்களை எண்ணியாயிற்று. காப்பிய நாயகியரின் சிலம்பைக் கழற்றிப் பரலையும் எண்ணியாயிற்று. ஆனால் ஹோட்டல் மண்டபத்தில் உட்கார்ந்து, பாஸ் காசில் பத்து வகைச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே, அதே பாஸை மைக்கில் கிண்டலடித்துவிட்டு, திங்கட்கிழமை அதே நாற்காலிக்குத் திரும்பி வரும் கலையைப் பற்றி ஓர் ஆய்வேடுகூட என் கண்ணில் படவில்லை. அறிஞர்கள் யாரும் ஆண்டு விருந்துக்குப் போவதில்லை போலும். அல்லது போகிறார்கள், துறைத்தலைவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் எழுதாமல் விடுகிறார்கள்.

முதலில் வரையறை. இங்கே கலாய்ப்பு என்று சொல்லப்படுவது மூன்று நிபந்தனைக்கு உட்பட்டது. பாஸ் அந்த இடத்தில் இருக்க வேண்டும். பேசுகிறவர் கையில் மைக் இருக்க வேண்டும். சாப்பாட்டுச் செலவு பாஸுடையதாக இருக்க வேண்டும். முதலாவது இல்லாவிட்டால் அது புறங்கூறல். மாமாக் கடையில், தே தாரிக் ஆறும்வரை நடப்பது. அதன் தரவு கடல் போன்றது, ஒரு கட்டுரைக்குள் அடங்காது. இரண்டாவது இல்லாவிட்டால் வாய்த்தகராறு. மூன்றாவது இல்லாவிட்டால், அதாவது நம்முடைய காசில் சாப்பிட்டுவிட்டு நாலு பேர் கூடி பாஸைப் பேசினால், அதற்குத் தொழிற்சங்கம் என்று பெயர்.

களம்

இந்த ஆய்வுக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கைத் தேர்ந்ததற்கு, நான் இங்கே குடியிருப்பதும் டோல் காசு மிச்சமாவதும் மட்டும் காரணமல்ல. 1886-ல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கத்துப் புக்கிட் கூடா வரைக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. அதன் பிறகு அந்தத் தடத்தின் ஒரு முனையில் பிரிக்பீல்ட்ஸ் வளர்ந்தது: ரயில்வே குவாட்டர்ஸ், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிமார், ஸ்டேஷன் மாஸ்டர்கள், பேரேடு, மைக்கூடு. மறுமுனையில் கிள்ளான்: சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள், லயங்கள், விடியுமுன் பெரட்டு, தண்டல், கங்காணி, அதற்கு மேல் கிராணி, எல்லாருக்கும் மேலே துரை. ஓர் ஊர் மேலதிகாரிக்குப் பணிவை எழுத்தில் தெரிவித்துப் பழகியது. மற்ற ஊர் மேலதிகாரி வரும்போது வழிவிட்டு ஒதுங்கிப் பழகியது. இந்த இரண்டு பணிவுக்கும் பிறந்த பேரப்பிள்ளைகள்தான் இன்று மைக்கைப் பிடிக்கிறார்கள்.

இப்போதும் இரண்டு ஊரையும் கொமுட்டர் ரயில் இணைக்கிறது. பாஸ்கள் அதில் ஏறுவதில்லை. அவர்கள் ஃபெடரல் நெடுஞ்சாலை ஜேமில் நிற்கிறார்கள். நின்றுகொண்டே வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறார்கள். ஒன்பதரைக்கு வந்து சேர்ந்து, எட்டரைக்கு வந்தவர்களிடம் நேரந்தவறாமை பற்றிப் பேசுகிறார்கள். இத்துறைக்கான மூலப்பொருள் பெரும்பாலும் அந்தச் சாலையில்தான் உற்பத்தியாகிறது.

முன்னோர்

நகை பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் நான்கைக் காட்டுகிறார். எள்ளலை அவர் முதலில் வைத்தது தற்செயல் அல்ல என்று வாதிட இடமுண்டு. அவருக்கும் ஒரு பாஸ் இருந்திருப்பார். ஆனால் கலாய்ப்பியலின் தாய் என்று பலரும் கைகாட்டுவது ஔவையாரை. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போய், அவனுடைய படைக்கலங்கள் நெய் பூசி, மாலை சூட்டி, மாளிகையில் அழகாக இருக்கின்றன என்று புகழ்ந்தார். அதியமானுடைய வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. கேட்டவர்கள் சிரித்தார்களா தெரியாது, தொண்டைமான் நிச்சயம் சிரித்திருக்க மாட்டான். இருந்தும் நம் வரையறைப்படி இதை ஏற்க முடியாது. ஔவை கிண்டலடித்தது எதிர்க்கம்பெனி பாஸை. சொந்த பாஸின் முழு ஆதரவோடு, பயணப்படி வாங்கிக்கொண்டு. எதிர்க்கம்பெனி பாஸைக் கிண்டலடிக்க எந்தக் காலத்திலும் தைரியம் தேவைப்பட்டதில்லை.

உண்மையான முன்னோடி பள்ளு இலக்கியம். முக்கூடற்பள்ளில் வயல் வேலையை மேற்பார்க்க வரும் பண்ணைக்காரனைப் பாருங்கள். அவனுடைய தோற்றமே சிரிப்பதற்காகச் செய்யப்பட்டது. மேற்பார்வையாளன் என்றால் கேலிக்குரிய உருவம் என்பது அந்த இலக்கிய வகையின் மரபாகவே ஆகிவிட்டது. அதே நூலில், மூத்த பள்ளி, அதாவது பள்ளனின் முதல் மனைவி, முறையிட்டதும், பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுமரத்தில் மாட்டுகிறான் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மனிதவளத் துறை அன்றே தன் கடமையைச் செய்திருக்கிறது.

வெளிநாட்டுச் சான்றுகளை விரைந்து கடக்கலாம். கி.மு. 46-ல் ஜூலியஸ் சீசர் வெற்றி ஊர்வலம் வந்தபோது, பின்னால் நடந்த அவருடைய சொந்தப் படைவீரர்களே அவர் வழுக்கையையும் பெண் சகவாசத்தையும் பாட்டாகப் பாடிக்கொண்டு வந்தார்கள். ரோமில் அது வழக்கம், சீசரும் பொறுத்துக்கொண்டார். நியூயார்க்கில் 1904-ல் தொடங்கிய ஃபிரையர்ஸ் கிளப், பிரபலங்களை மேடையில் உட்காரவைத்து நண்பர்களே கிழிப்பதை ஒரு விருந்துச் சடங்காக்கியது. இங்கே நம் பக்கத்தில் பியேர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர் 1930-களில் கோலாலம்பூருக்கு அருகே ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தார். ‘குவாய் நதிப் பாலம்’ எழுதியவர் அவர்தான். தோட்டக் கம்பெனி நிர்வாகத்தின் கிறுக்குத்தனங்களை ஒரு முழு நாவலாகவே கிண்டலடித்தார். எப்போது? ஓர் உலகப்போர் முடிந்து, வேலையை விட்டு, பாரிசுக்குப் போய்ச் சேர்ந்தபின், 1951-ல். பாஸைக் கிண்டலடிக்கப் பாதுகாப்பான தூரம் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் துல்லியமான அளவு கிடையாது. ஆனால் மலேசியாவில் நேர்மாறான சான்றும் உண்டு. நாட்டின் பிரதமர்களையே மூக்கும் முடியுமாகக் கேலிச்சித்திரம் போட்ட லாட்டுக்கு 1994-ல் டத்தோ பட்டம் கிடைத்தது. இத்துறையில் இதுவரை பதிவான அதிகபட்ச போனஸ் அதுவே.

சைக்கிள்

நமக்கு நெருக்கமான சான்றைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தமிழ் நேசனில் துணையாசிரியராக இருந்த ஆர்.எச். நாதன் முன்னின்றார். கோரிக்கைகளில் சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி இருந்தது. கள்ளுக்கடையை மூடுவது இருந்தது. பிள்ளைகளுக்குப் படிப்பு, பெண்களைத் தொந்தரவு செய்வதை நிறுத்துவது, கொடுமைக்காரக் கிராணிகளை மாற்றுவது எல்லாம் இருந்தன. அதோடு இன்னொன்று: எதிரே துரையோ கிராணியோ வந்தால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை.

சைக்கிளில் உட்கார்ந்தபடியே போவது. அவ்வளவுதான். மே 5-ஆம் தேதி நாதன் கைதானார். பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அதே மாதம் சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்தார்கள். பட்டாளம் வந்தது, சுட்டார்கள், தொழிலாளர்கள் செத்தார்கள்.

இந்த இடத்தில் ஆய்வாளருக்கு ஜோக் வரவில்லை.

சைக்கிளிலிருந்து இறங்காததற்கே அந்த விலை என்றால், மேடையில் ஏறி ‘பாஸு, உங்க தொப்பை’ என்று தொடங்குவது அன்று எந்தக் கணக்கிலும் வராது. சிரிப்பு இல்லாமல் இருந்திருக்காது; தோட்டத்து நாட்டுப்புறப் பாட்டுகளில் கங்காணியும் கிராணியும் துரையும் போதுமான அளவு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அதைப் பாடியது லயத்தில், தங்களுக்குள். இலங்கைத் தோட்டங்களின் சின்னத்துரைகளுக்காக அச்சான தமிழ்க் கையேட்டின் தலைப்பே ‘இங்கே வா’. பாடம் கட்டளையில் தொடங்கியது, நக்கல் பாடத்திட்டத்திலேயே இல்லை. அந்த வகையில் துரைமார் படித்த தமிழ் நம் முன்னோருக்கு ஒரு பாதுகாப்பு.

ஆகவே மேடைக் கலாய்ப்பைச் சும்மா கேளிக்கை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது, பாஸ் எதிரே வரும்போது சைக்கிளில் உட்கார்ந்தே போவது. கூடவே மணியும் அடிப்பது.

முடிவுகள்

இனி முக்கியக் கண்டுபிடிப்பு. பாஸுடைய எந்தக் குறையை அவரே உள்ளூரப் பெருமையாக நினைக்கிறாரோ, அந்தக் குறையை மட்டுமே மேடையில் சொல்ல முடியும். இதற்கு விதிவிலக்கு மிக அரிது. ஒன்று மட்டும் கடைசியில் வருகிறது.

ஏசியை 24-க்குக் கீழே இறக்கவிடாத பாஸை எடுத்துக்கொள்வோம். ‘நம்ம பாஸு ஏசிய 24-லயே வெச்சிருப்பாரு, சம்பளத்தையும் அதே டிகிரியில வெச்சிருப்பாரு’ என்று ஒருவர் சொல்ல, மண்டபம் அதிர்கிறது. பாஸ் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிக்கிறார். ஏன்? சிக்கனத்தால் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியவர் தான் என்பது அவர் எண்ணம். அதை முந்நூறு பேர் முன்னால் ஒருவன் சாட்சி சொல்லிவிட்டான். இரவு பதினொன்றரைக்கு வாட்ஸ்அப் குழுவில் ‘தூங்கிட்டீங்களா?’ என்று கேட்பதும் அப்படியே. ‘பாஸோட அந்த மெசேஜ் இருக்கே, தூங்குறவன எழுப்ப அதவிட நல்ல அலாரம் இந்த நாட்டுல கெடையாது’ என்றால் அவர் மனைவி பக்கம் திரும்பி, கேட்டியா என்பது போலத் தலையாட்டுகிறார். தான் உழைப்பாளி என்பதை வீட்டில் நிரூபிக்க அவருக்கு வேறு வழி கிடைத்ததில்லை.

பழையவர்கள் இதை வஞ்சப்புகழ்ச்சி என்றார்கள். காளமேகம் கடவுளிடமே அதைப் பயன்படுத்திப் பார்த்தார். திட்டுவது போல் தொடங்கி, புகழில் இறக்கிவிடுவது. கிள்ளான் பள்ளத்தாக்கின் பங்களிப்பு என்னவென்றால், புகழப்படுகிறவருக்கு அது தெரியும், பேசுகிறவருக்கும் தெரியும், இருந்தும் இரண்டு பேரும் திட்டுதான் நடக்கிறது என்று சேர்ந்து நடிப்பார்கள்.

சொல்லக்கூடாதவை எவை என்பதிலிருந்தும் இதே முடிவுக்கு வரலாம். பர்ச்சேசிங்கில் உட்கார்ந்திருக்கும் பாஸின் மச்சான் மேடைக்கு வருவதில்லை. ‘நாம எல்லாம் ஒரே குடும்பம்’ என்று சொல்லிவிட்டு ஆட்குறைப்புச் செய்த ஆண்டு மேடைக்கு வருவதில்லை. ஊழியர் சேமநிதி வரவே வராது. ஐயாயிரம் வெள்ளி வரை சம்பளம் வாங்குபவருக்கு முதலாளி 13 விழுக்காடு கட்ட வேண்டும், அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். அதில் பிந்துகிற பாஸை யாரும் மேடையில் கலாய்த்து நான் பார்த்ததில்லை. அதைச் சேமநிதி அலுவலக முகப்பிடத்தில் நம்பர் எடுத்துக் காத்திருந்து சொல்ல வேண்டும். அங்கே கைதட்ட ஆளில்லை.

கலாய்ப்பவர் யார் என்பதும் தானாக அமைவதல்ல. புரொபேஷனில் இருக்கும் பிள்ளைகள் வேண்டாம். இன்கிரிமென்ட் எதிர்பார்ப்பவர் வேண்டாம், அவர் பேச்சில் இனிப்பு கூடிவிடும். வேலையை விடப்போகிறவர் மிக ஆபத்து, உப்பு கூடிவிடும். கள ஆய்வில் மிகச் சிறந்தவராகத் தென்படுபவர் கணக்குப் பிரிவு அக்கா. கம்பெனி ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த காலத்திலிருந்தே அவர் இருக்கிறார். பாஸுக்கு டத்தோ பட்டம் கிடைத்த ஆண்டு, தமிழ் நாளிதழ்களில் முழுப்பக்க வாழ்த்து விளம்பரங்கள் வந்து ஓய்ந்தபின், அக்கா எழுந்து மைக்கை வாங்கி இப்படிச் சொல்வார்: ‘டத்தோ, இன்னிக்கு நீங்க டத்தோ. அன்னிக்குக் கப்சாய் மோட்டார்ல வந்து, மழையில நனைஞ்சு நின்னு, எங்கிட்டதான் பத்து வெள்ளி கேட்டீங்க. அந்தப் பத்து வெள்ளி இன்னும் வரல டத்தோ.’ முழுப்பக்க விளம்பரங்கள் எல்லாம் சேர்ந்தும் சொல்லாததை அந்தப் பத்து வெள்ளி சொல்லிவிடுகிறது. டத்தோ கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். பத்து வெள்ளியை மட்டும் திருப்பிக் கொடுப்பதில்லை. கொடுத்துவிட்டால் அடுத்த ஆண்டு ஜோக் போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

எல்லாக் கலாய்ப்புக்கும் முன்னால் ஒரு கடவுள் வாழ்த்து உண்டு: ‘பாஸு, தப்பா எடுத்துக்காதீங்க ஆ, சும்மா ஜோக்குக்கு லா.’ இதை எத்தனை முறை சொல்கிறாரோ அந்த அளவுக்குப் பின்வரும் ஜோக் உண்மை என்று கொள்ளலாம்.

சட்ட நிலையையும் தொட்டுவிட வேண்டும். 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் 14-ஆம் பிரிவின்படி, ஒழுங்கீனம் என்று கருதினால் முதலாளி விசாரணை நடத்தலாம். விசாரணைக்காக இரண்டு வாரம் வரை, அரைச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுத்து, ஊழியரை நிறுத்திவைக்கலாம். நியாயமில்லாமல் நீக்கப்பட்டதாகக் கருதும் ஊழியர், 1967-ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டம் 20-ஆம் பிரிவின்கீழ் 60 நாளுக்குள் முறையிட வேண்டும். கலாய்ப்பு மூன்று நிமிடம், முறையீட்டுக்கு 60 நாள். ஜோக் எழுதிக்கொடுக்கிறவர்கள் இந்த விகிதத்தை மனத்தில் வைத்து எழுதினால் நல்லது.

பாஸ் பதிலுக்குக் கலாய்ப்பதைப் பற்றிச் சுருக்கமாக: கூடாது. அவர் மைக்கை வாங்கி, ‘இந்தப் பையன் மேடையில நல்லாப் பேசுறான், ரிப்போர்ட்லதான் ஒண்ணும் வரமாட்டேங்குது’ என்று சொல்லும்போதும் மண்டபம் சிரிக்கும். அந்தச் சிரிப்பை இவ்வாய்வு தரவாக எடுத்துக்கொள்ளவில்லை. சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவர்களின் சிரிப்பு அது.

பாடபேதம்

கம்பெனிக்குக் கம்பெனி ஜோக் புதிது என்று நினைக்கிறோம். உண்மையில் சில மூலபாடங்கள்தான் பள்ளத்தாக்கு முழுக்கச் சுற்றுகின்றன. வேலை மாறுகிறவர்கள் ஏடு சுமப்பவர்களைப் போல அவற்றை எடுத்துச் செல்கிறார்கள். மிகப் புகழ்பெற்றது இது: ‘நம்ம பாஸு இத்தன வருசத்துல ஒரு நாளு லீவு எடுத்ததில்ல. அவரு ஒரு நாளாவது லீவு எடுக்கணும்னு வேண்டிக்கிட்டு, நாங்கதான் வருசாவருசம் பத்துமலைக்குக் காவடி தூக்குறோம்.’

இது பிரிக்பீல்ட்ஸ் பாடம். கிள்ளான் பாடத்தில் பத்துமலை இல்லை. ‘புரட்டாசி சனிக்குப் பெருமாள் கோயில்ல கணக்குப் பிரிவே மொட்டை போடுது’ என்று இருக்கிறது. கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயிலை விட்டு முருகனிடம் போக அவ்வூர்க்காரர்களுக்கு மனம் வரவில்லை. பெட்டாலிங் ஜெயாவில் எல்லா இனத்தாரும் ஒரே அலுவலகத்தில் இருப்பதால், ‘அவங்கவங்க சாமிகிட்ட’ என்று பாடம் விரிந்திருக்கிறது. இது இடைச்செருகல், ஆனால் நல்ல இடைச்செருகல். எது மூலம்? கடினமான பாடமே பழையது என்பது பதிப்பாசிரியர்கள் பின்பற்றும் விதி. மொட்டையைவிடக் காவடி கடினம். எனவே பிரிக்பீல்ட்ஸ் பாடமே மூலம் என்று முடிவுகட்டலாம்.

இந்த முடிவை உறுதிப்படுத்தும் சான்று சென்ற ஆண்டு விருந்து ஒன்றில் கிடைத்தது. அந்தக் கம்பெனியில் பல ஆண்டுகள் இந்தக் காவடி ஜோக்கைச் சொல்லிவந்த கூட்டாளி, பதவி உயர்ந்து மேனேஜராகி, மேடைக்கு எதிரே முதல் மேசையில் உட்கார்ந்திருந்தார். பதவி வந்ததும் கலாய்ப்பவர்கள் ஊமையாகிவிடுவார்கள் என்பது இத்துறையின் பொதுவிதி. அவரும் அன்று சூப்பில் கவனமாக இருந்தார். கிள்ளானிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு பையன் மைக்கைப் பிடித்து, அவர் மேலேயே மொட்டைப் பாடத்தை எடுத்துவிட்டான். மேனேஜருக்குள் இருந்த பழைய பாடகர் பொறுக்கமாட்டாமல் எழுந்து கத்தினார்: ‘டேய், மொட்டை இல்லடா, காவடி!’

பையன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ‘காவடி உங்க காலத்துல பாஸு. நீங்க மேனேஜர் ஆனதும் ஓ.டி. நின்னுபோச்சு. இப்ப மொட்டைதான்.’

அன்றைய அதிர்ஷ்டக் குலுக்கில் பையனுக்கு ரைஸ் குக்கர் விழுந்தது. அவனுடைய புரொபேஷன் இன்னும் மூன்று மாதம் நீண்டிருப்பதாகக் கேள்வி. இவை இரண்டுக்கும் மேற்படி பாடபேதத்துக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு இதுவரை எழுத்துச் சான்று எதுவும் கிடைக்கவில்லை.